இழுவை கூட வேண்டும், டீசல் கூடக் கூடாது

என் வீடு மலேசியாவின் பட்டர்வொர்த்தில், வேலை பெரும்பாலும் எதிரே பினாங்குத் தீவில். வீடுகளுக்கும் சின்னக் கடைகளுக்கும் குளிர்சாதனம் பொருத்துவது, கழுவுவது, கேஸ் நிரப்புவது என்று பதினெட்டு வருடமாக இதே பிழைப்பு. வண்டி 2013ஆம் ஆண்டின் இரட்டைக் கேபின் பிக்கப்: 2.5 லிட்டர் டர்போ டீசல், கையால் மாற்றும் ஐந்து கியர். காகிதத்தில் 136 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. தயாரித்த நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. ஹைலக்ஸ், டி-மேக்ஸ், டிரைட்டன், ரேஞ்சர், நவாரா என்று எதை ஓட்டினாலும், அந்தக் காலத்து டீசல் என்றால் நான் சொல்லப்போவதில் முக்கால்வாசி பொருந்தும்.

பாயா தெருபோங் பக்கமிருந்து பாலேக் பூலாவுக்குக் குன்றேறிப் போகும் துன் சார்டோன் சாலை தெரிந்திருக்கும். பின்னால் இரண்டு வெளிப்புற யூனிட், ஏணி, நைட்ரஜன் சிலிண்டர். பக்கத்து இருக்கையில் உதவிக்கு வரும் பையன். பாதி ஏற்றத்தில் ஒரு வளைவு வரும். மூன்றாவது கியரில் வண்டிக்கு மூச்சு வாங்கும். இரண்டாவதுக்கு இறக்கினால்தான் மேலே நகரும். அதற்குள் பின்னால் ஒரு மைவி, அந்தச் சின்னக் கார், வந்து ஒட்டிக்கொண்டு விளக்கை அடிக்கும். பெயரில் மட்டும்தான் பிக்கப் இருந்தது.

வலு போதவில்லை என்ற குறை அப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது 2024 ஜூன் 10 வந்தது. தீபகற்ப மலேசியாவில் டீசல் ஒரே நாளில் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்குப் போயிற்று. மாதம் 1,900 கிலோமீட்டர் ஓடுகிறவனுக்கு அது ஏறத்தாழ 220 ரிங்கிட் கூடுதல் செலவு. இழுவை கேட்டுக்கொண்டிருந்தவன் இப்போது மைலேஜும் கேட்க ஆரம்பித்தேன். பிறையில் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் போய், “அண்ணே, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியை மாற்றி எழுதினால் எவ்வளவு ஆகும்?” என்றேன். அவர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, உங்கள் வண்டி தொலைத்த வலுவை முதலில் திரும்ப வாங்குங்கள். புதிதாகக் கேட்பதை அப்புறம் பார்க்கலாம்.”

அந்த வரிசையில்தான் எல்லாவற்றையும் செய்தேன். எட்டு மாதம் ஆயிற்று.

கணக்குப் புத்தகம் முதலில்

எந்தப் பொருளும் வாங்குவதற்கு முன் ஒரு 555 புத்தகம் வாங்குங்கள். மளிகைக் கடையில் கடன் எழுத வைத்திருப்பார்களே, அந்தச் சட்டைப்பைப் புத்தகம்தான். ஒவ்வொரு முறை டீசல் எண்ணெய் ஊற்றும்போதும் தேதி, ஓடிய கிலோமீட்டர், லிட்டர் மூன்றையும் எழுதுங்கள். கிலோமீட்டரை லிட்டரால் வகுத்தால் மைலேஜ் கிடைத்துவிடும்.

எளிதாகத்தான் தெரிகிறது. தவறு நேர்வது ஊற்றும் இடத்தில். டீசல் நுரைக்கும் பொருள். வேகமாக ஊற்றினால் தொட்டி நிறைவதற்கு முன்பே நுரை எழும்பிக் குழாய் ‘டக்’ என்று நின்றுவிடும். நுரை அடங்கிய பிறகு மறுபடி அழுத்திப் பாருங்கள், இன்னும் ஒன்றரை லிட்டர்கூட உள்ளே போகும். 50 லிட்டர் ஊற்றுகிற இடத்தில் ஒரு லிட்டர் என்றால் இரண்டு விழுக்காடு. ஒரே தொட்டிக் கணக்கை வைத்துக்கொண்டு “மூன்று விழுக்காடு மிச்சம் ஆயிற்று” என்று ஒருவர் சொன்னால், அவர் நுரையைத்தான் அளந்திருக்கிறார். ஒரே எண்ணெய் நிலையம், ஒரே பம்பு, வண்டி நிற்கும் பக்கமும் அதே. மெதுவான வேகத்தில் ஊற்றி, முதல் ‘டக்’ வந்ததும் நிறுத்திவிட வேண்டும். நான்கு தொட்டிகளைக் கூட்டிச் சராசரி எடுத்தால் அந்த எண்ணை நம்பலாம்.

என் தொடக்க எண் லிட்டருக்கு 10.3 கிலோமீட்டர். காலை நேரத்துப் பாலத்து நெரிசல், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைப் பக்கத்துச் சிவப்பு விளக்குகள் எல்லாம் அதில் அடக்கம்.

இழுவைக்கும் ஓர் அளவுகோல் வேண்டும். எனக்கு அது துன் சார்டோன் வளைவு. அதே சுமையோடு, சட்டம் அனுமதிக்கும் வேகத்தில், மூன்றாவது கியரிலேயே ஏறுகிறதா இல்லையா என்று பார்ப்பேன். காலில் கட்டிய கல்லை யாராவது அவிழ்த்துவிட்டார்களா என்பது அங்கே தெரிந்துவிடும். நிறுத்துக் கடிகாரத்தோடு சாலையில் பந்தயம் ஓடிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

வலுவும் சிக்கனமும் ஒரே வண்டியில் எப்படி?

டீசல் எஞ்சினில் வலு என்பதே ஊற்றும் எண்ணெயின் அளவுதான். பெட்ரோல் எஞ்சினைப் போலக் காற்றை அடைத்து வேகத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. அதிக வலுவை உண்மையாகவே பயன்படுத்தினால் அதிக டீசல் போகத்தான் செய்யும். இதற்குக் குறுக்குவழி விற்கிறவர் யாராக இருந்தாலும் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

ஆனால் சமதரையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் போக ஒரு பிக்கப்புக்குத் தேவைப்படுவது 25 முதல் 30 குதிரைத்திறன் வரைதான். 136 இருந்தாலும் 160 இருந்தாலும் அந்த நேரத்தில் வண்டி கேட்பது அவ்வளவே. ஆகவே உச்ச வலுவைக் கூட்டினால் மைலேஜ் தானாகக் குறைந்துவிடாது, கால்தான் அதைக் குறைக்கிறது. மறுபுறம், காற்றுக் கசிவு, புகைக்கரி அடைப்பு, சிக்கிக்கொண்ட பிரேக் போன்றவை வலுவையும் எண்ணெயையும் சேர்த்தே தின்கின்றன. அவற்றைச் சரிசெய்யும்போது இரண்டும் ஒன்றாகத் திரும்பி வரும். பட்டறை அண்ணன் சொன்னதன் பொருள் இதுதான். எனக்குப் புரிய ஒரு மாதம் ஆயிற்று.

தொலைந்ததைத் திரும்ப வாங்குதல்

முதல் வேலை காற்றுக் கசிவு. டர்போ அழுத்தி அனுப்பும் காற்று, ரப்பர்க் குழாய் வழியாக, அதைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போய், அங்கிருந்து இன்னொரு குழாய் வழியாக எஞ்சினுக்கு வருகிறது. பத்து வருடச் சூட்டில் ரப்பர் இளகும், கவ்வி தளரும். ஒரு சிறு ஓட்டை இருந்தாலும் கணினி அதை உணர்ந்து, வேண்டிய அழுத்தம் வரும்வரை டர்போவை மேலும் விரட்டும். டர்போ கடுமையாக உழைக்கும், வெளியேறும் புகைக்கு எதிரழுத்தம் ஏறும், எண்ணெய் வீணாகும். ஓட்டுபவருக்குத் தெரிவதெல்லாம் வண்டி கொஞ்சம் சோம்பலாக இருக்கிறது என்பது மட்டும்.

இந்த இடத்தில் என் தொழில் கைகொடுத்தது. குளிர்சாதனத்தில் கேஸ் கசிகிறது என்றால் நாங்கள் முதலில் தேடுவது எண்ணெய்க் கறையை. கேஸோடு சேர்ந்து கம்ப்ரசரின் மசகு எண்ணெயும் வெளியே வரும். கறை எங்கேயோ கசிவு அங்கே. டர்போக் குழாயும் அதே போலத்தான். எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் மூச்சுக்குழாயிலிருந்து வரும் மசகு எண்ணெய் ஆவி இந்தக் குழாய்க்குள் போகிறது. இன்டர்கூலரின் கீழ்ப்பக்கக் குழாயின் கவ்வியைச் சுற்றி ஈரமாக, தூசி ஒட்டி, கறுப்பு வளையல் போல ஒரு கறை இருந்தது.

சந்தேகத்தை உறுதி செய்ய, டர்போவிலிருந்து வெளியேறும் முனையில் குழாயைக் கழற்றி, பிவிசி மூடி ஒன்றில் வால்வு பொருத்தி அங்கே கவ்வியால் இறுக்கினேன். நைட்ரஜன் சிலிண்டரின் ரெகுலேட்டரை மிகக் குறைத்து வைத்து 0.7 பார் அழுத்தம் மட்டும் கொடுத்தேன். எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். இடம் காற்றோட்டமாக இருக்க வேண்டும். முகம் மூடிக்கு நேராக இருக்கவே கூடாது. கவ்வி நழுவினால் மூடி குண்டு போலப் பறக்கும். நைட்ரஜன் ரெகுலேட்டர் கையாண்டு பழக்கமில்லாதவர்கள் இதைப் பட்டறையில் கொடுத்துவிடுவது நல்லது. பிறகு பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்துத் தூரிகையால் தடவினேன். கறுப்பு வளையல் இருந்த இடத்தில் நுரை பொங்கிப் பொங்கி ஒரு காளான் அளவுக்கு வந்து நின்றது. குழாயின் வயிற்றில், கவ்விக்கு அடியில், நகக்கண் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. வெளியே இருந்து பார்த்தால் ஏழு ஜென்மத்துக்கும் தெரிந்திருக்காது.

குழாயை மாற்றிய கையோடு இன்டர்கூலரையும் பார்த்தேன். அதன் இடுக்குகளில் புழுதி, பூச்சி, ஒரு பிளாஸ்டிக் பைத் துண்டு. தினமும் பிறர் வீட்டுக் கண்டென்சரைக் கழுவிக் காசு வாங்குகிறவன் தன் வண்டியின் முன்பக்கத்தை எட்டிப் பார்த்ததில்லை. கழுவும் முன்பும் பின்பும் குழாய்களில் வெப்பமானியின் முனையை ஒட்டி அதே குன்றில் ஏறினேன். வெளிக்காற்று 33 பாகை. இன்டர்கூலரை விட்டு வெளியே வரும் காற்று முன்பு 61 பாகையில் இருந்தது, கழுவிய பிறகு 46. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. ஒரே அழுத்தத்தில் அதிகக் காற்று எஞ்சினுக்குள் போகும், எண்ணெய் முழுதாக எரியும். அழுத்தம் அதிகமான நீர்ப்பீச்சியை மட்டும் நேராக அடிக்காதீர்கள், அலுமினியத் தகடுகள் மடிந்துபோகும்.

அடுத்தது டர்போவின் வெற்றிடக் குழாய். மாறும் இறக்கைகள் கொண்ட டர்போ இருந்தால், பல வண்டிகளில் அந்த இறக்கைகளை அசைப்பது வெற்றிடத்தால் இயங்கும் ஒரு சிறு டப்பா. பென்சிலைவிட மெல்லிய ரப்பர்க் குழாய் அதற்குப் போகும். கைப்பம்பு வைத்து வெற்றிடம் கொடுத்தால் டப்பாவின் கம்பி தடங்கலின்றி இழுபட வேண்டும். பம்பை நிறுத்தினாலும் அப்படியே நிற்க வேண்டும். என்னுடையது இழுபட்டது, ஆனால் மெல்ல இறங்கிக்கொண்டே வந்தது. குழாய் முனை காய்ந்து பிளந்திருந்தது. அரை மீட்டர் புதுக் குழாய் பத்து ரிங்கிட்டுக்கும் குறைவு. எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் கீழே ஓடும்போது இருந்த மந்தம் பாதி அன்றைக்கே போய்விட்டது. கம்பி இடையில் சிக்கிச் சிக்கி நகர்ந்தால் இறக்கைகளில் புகைக்கரி படிந்திருக்கிறது என்று பொருள். டர்போவைக் கழற்றிக் கழுவ வேண்டிவரும். ஊருக்குள்ளேயே ஊர்ந்து ஓடும் வண்டிகளுக்கு வரும் வியாதி இது.

மூன்றாவது, காற்று நுழையும் மேனிபோல்டு, அதாவது காற்றை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுதி. கழிவுப் புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் அனுப்பும் ஏற்பாட்டை இஜிஆர் என்பார்கள். நைட்ரஜன் ஆக்சைடு மாசைக் குறைக்கத்தான் அது. அந்தப் புகையின் கரியும் மூச்சுக்குழாயின் எண்ணெய் ஆவியும் சந்தித்தால் கருப்பட்டிப் பாகு மாதிரி ஒன்று உருவாகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். என் வண்டியில் மேனிபோல்டைக் கழற்றியபோது விரல் விட்டால் முதல் கணு வரை புதைந்தது. அதைக் கழுவ 350 ரிங்கிட் கொடுத்தேன். இதுவரை செய்ததில் மிகப் பயன் தந்த செலவு. இஜிஆரை அடைத்துவிடலாம் என்று பலர் சொல்வார்கள். நான் அடைக்கவில்லை. மாசைக் கூட்டுவது ஒருபுறம். கழுவி வைத்தால் ஒழுங்காக வேலை செய்கிற ஒன்றை ஏன் கொல்ல வேண்டும்? மூச்சுக்குழாயில் எண்ணெயைப் பிரித்துப் பிடிக்கும் ஒரு குடுவையை மட்டும் பொருத்தினேன். அதை மாதம் ஒருமுறை காலி செய்ய வேண்டும். மறந்தால் பொருத்தியதே வீண்.

காற்று வடிகட்டிக்கு நிறுவனத்தின் காகித வகையே போதும். எண்ணெய் தடவிய துணி வடிகட்டிகள் அழகாக இருக்கும். ஆனால் எண்ணெய் கூடிவிட்டால் காற்றை அளக்கும் சென்சாரில் போய் ஒட்டும்.

டீசல் வடிகட்டியைச் சொல்லாமல் விட முடியாது. நம் நாட்டு டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்யும் உயிரி எரிபொருள் கலந்திருக்கிறது. அது சாதாரண டீசலைவிட அதிகம் ஈரம் இழுக்கும். பழைய தொட்டியின் கசட்டையும் கரைத்துக்கொண்டு வரும். அதனால் வடிகட்டியின் அடியில் சேரும் தண்ணீரை மாதம் ஒருமுறை திறந்துவிடுகிறேன், வடிகட்டியை 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன். எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இஞ்செக்டர்களைச் சோதிக்கச் சொல்லும்போது ‘திரும்பி வரும் எண்ணெயை அளந்து பாருங்கள்’ என்று கேளுங்கள். நான்கிலும் ஒரே மாதிரிப் புட்டிகளை மாட்டிச் சில நிமிடம் ஓட்டுவார்கள். ஒரு புட்டி மட்டும் மற்றவற்றைவிட வேகமாக நிறைந்தால் அந்த இஞ்செக்டர் தேய்ந்துவிட்டது. என்னுடைய நான்கும் ஏறத்தாழ ஒரே அளவில் நின்றன. அந்தச் செலவு மிச்சம்.

கடைசியாகப் பிரேக். ஒரு நாள் வேலை முடிந்து வந்ததும், பையில் இருந்த அகச்சிவப்பு வெப்பமானியால் நான்கு சக்கரங்களின் நடுப்பகுதியையும் சும்மா அளந்து பார்த்தேன். பின்பக்கம் வலதில் 48 பாகை, இடதில் 71. கைப்பிரேக் கம்பி துருவேறி முழுதாகத் தளராமல் நின்றிருக்கிறது. எத்தனை மாதமாகப் பிரேக்கைப் போட்டுக்கொண்டே ஓட்டினேனோ தெரியாது. கடல் காற்று வீசும் ஊரில் இருப்பவர்கள் மாதம் ஒருமுறை இப்படி அளந்து பாருங்கள். நீண்ட தூரம் ஓடி வந்து, கடைசியில் அதிகம் பிரேக் பிடிக்காமல் நிறுத்தி, உடனே அளக்க வேண்டும்.

இவ்வளவும் முடிந்து நான்கு தொட்டி ஓடியதும் புத்தகத்தில் 11.4 என்று வந்தது. துன் சார்டோன் வளைவில் மூன்றாவது கியர் தாங்கியது, கொஞ்சம் முனகலோடு. கணினியை இன்னும் யாரும் தொடவில்லை.

சுமை, காற்று, டயர்

பின்பெட்டியைக் காலி செய்தேன். எப்போதோ இரும்புக்கடையில் போடலாம் என்று வைத்த மூன்று பழைய கம்ப்ரசர்கள், செம்புக் குழாய்த் துண்டுகள், சிமெண்ட் மூட்டை ஒன்று பாதி. தராசில் வைத்துப் பார்த்தால் 140 கிலோ. கூரைமேல் நிரந்தரமாக நின்ற ஏணிச் சட்டத்தைக் கழற்றிவிட்டு, மடக்கும் ஏணி வாங்கிப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். பின்கதவைத் திறந்து போட்டு ஓட்டினால் காற்று தடையில்லாமல் போகும் என்று சொல்வார்கள். உண்மையில் கதவு மூடியிருக்கும்போது பெட்டிக்குள் ஒரு காற்றுச் சுழல் நின்று, மேலே வரும் காற்றை வழுக்கி அனுப்புகிறது. திறந்து வைத்தால் ஆதாயமில்லை. பொருள் விழுந்தால் வழக்குதான்.

டயர் விஷயத்தில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். இரண்டு வருடத்துக்கு முன் அழகுக்காக 245/70R16 அளவை விட்டு 265/75R16 கரடுமுரடு டயருக்குப் போனேன். டயர்க் கடைத் தவுக்கே, அதாவது முதலாளி, அப்போதே வேண்டாமென்று தலையை ஆட்டினார், நான்தான் கேட்கவில்லை. விட்டம் 749 மில்லிமீட்டரிலிருந்து 804 ஆகிறது, 7 விழுக்காடு பெரியது. எல்லாக் கியரும் அந்த அளவுக்கு நீண்டுவிட்டது போலத்தான். குன்றில் மூச்சு வாங்கியதில் இதற்கும் பங்கு உண்டு. இன்னொரு வேடிக்கை: 100 கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் 93 என்றுதான் காட்டும். அதாவது புத்தகத்தில் மைலேஜ் உள்ளதைவிடக் குறைவாகவே தெரியும், வேகமானியும் குறைத்தே காட்டும். பெரிய டயர் போட்டவர்கள் கிலோமீட்டரை இந்த விகிதத்தால் திருத்திவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும். என் 10.3, 11.4 எல்லாம் திருத்திய எண்கள்.

தேய்ந்ததும் பழைய அளவுக்கே, தார்ச்சாலை டயருக்கே திரும்பினேன். தவுக்கே ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். காற்றழுத்தம் ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி, காலையில் வண்டி எடுக்கும் முன். சுமை ஏற்றும் நாளுக்கு அதில் தனி எண் இருக்கும், பலர் அதைப் பார்ப்பதே இல்லை. சுமை, சட்டம், டயர் மூன்றும் சேர்ந்து 12.1.

கணினியில் கை வைப்பது

இங்கே என் பழைய பாவத்தைச் சொல்லியாக வேண்டும். பட்டறை அண்ணனிடம் போவதற்கு ஒரு வருடம் முன்பே, இணையத்தில் ஒரு ‘வலுப்பெட்டி’ வாங்கிப் பொருத்தியிருந்தேன். பெயர் வேண்டாம். பத்து நிமிடத்தில் மாட்டலாம், வலுவும் கூடும், எண்ணெயும் மிச்சம் என்று விளம்பரம். வண்டிக்குள் இருக்கும் மைலேஜ் காட்டியில் 100 கிலோமீட்டருக்கு 9.4 லிட்டர் என்று இருந்தது 8.9 ஆயிற்று. ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். எண்ணெய் நிலையத்து ரசீதோ லிட்டர் ஏறியிருக்கிறது என்றது. எது பொய்?

காட்டிதான் பொய். இந்த வகைப் பெட்டிகள் பெரும்பாலும், எல்லா இஞ்செக்டர்களுக்கும் டீசல் தரும் பொதுக்குழாயின் அழுத்த சென்சாருக்கும் கணினிக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, உண்மையைவிடக் குறைந்த அழுத்தத்தைக் கணினிக்குச் சொல்கின்றன. கணினி அதை நம்பி அழுத்தத்தை ஏற்றுகிறது. இஞ்செக்டர் திறக்கும்போது அதிக எண்ணெய் பாய்கிறது. ஆனால் மைலேஜ் காட்டி கணக்கிடுவது, தான் கொடுத்ததாகக் கணினி நினைத்துக்கொண்டிருக்கும் எண்ணெயை. உள்ளே உண்மையில் போனதை அதனால் பார்க்க முடியாது. பெட்டி மாட்டியபின் வண்டிக் காட்டியை நம்புவது திருடனிடமே கணக்குக் கேட்பது போலத்தான். மூன்றாம் மாதம் குன்றேறும்போது கரும்புகை எழுந்து எஞ்சின் விளக்கு எரிந்தது, குறை பொதுக்குழாய் அழுத்தத்தில். அன்றிரவே கழற்றினேன்.

இரண்டாவது முயற்சி, கணினியின் நிரலையே திருத்தி எழுதுவது. இதில் எண்ணெய் அளவு, பாய்ச்சும் நேரம், டர்போ அழுத்தம் மூன்றையும் ஒன்றுக்கொன்று பொருந்த மாற்ற முடியும். 1,500 ரிங்கிட் ஆயிற்று. ஆனால் செய்பவரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் போகாதீர்கள். நான் கேட்டவை:

முழுதாக அழுத்தினாலும் கரும்புகை வரக் கூடாது. புகை என்பது எரியாத எண்ணெய். நீங்கள் காசு கொடுத்து வாங்கி வானத்துக்கு அனுப்பியது. உச்ச வலு எனக்கு வேண்டாம், 1,800 முதல் 2,800 சுற்று வரை முறுக்குவிசை வேண்டும். நான் வாழ்வது அங்கேதான். இஜிஆரும், புகையின் மாசைக் குறைக்கும் வினையூக்கி மாற்றியும் அப்படியே இருக்க வேண்டும். கரித்துகள் வடிகட்டி உள்ள புதிய வண்டி என்றால் அதையும் தொடக் கூடாது. பழைய நிரலின் பிரதி என் கையில் ஒன்று வேண்டும். முன்பும் பின்பும், சக்கரத்தில் வலுவை அளக்கும் டைனோ உருளையில் ஓட்டிக் காகிதம் தர வேண்டும்.

இதற்கெல்லாம் முகம் சுளிக்கிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள். முதலில் பார்த்த ஒருவர், “பயப்படாதீர்கள், 50 குதிரைத்திறன் கூட்டித் தருகிறேன்” என்றார். அதனால்தான் பயந்தேன்.

உருளையில் சக்கரத்தில் அளந்தது 106 குதிரைத்திறனிலிருந்து 124 ஆயிற்று. சக்கரத்துக்கு வருவதற்குள் கியர், தண்டு, அச்சு எல்லாம் பங்கு எடுத்துக்கொள்வதால் காகிதத்து 136ஐ உருளையில் எதிர்பார்க்க வேண்டாம். எண்ணைவிட அந்த வளைவுக் கோட்டின் வடிவம்தான் எனக்குப் பிடித்திருந்தது: 1,800இல் ஏறி, மேசை போலத் தட்டையாக நின்றது.

டர்போவுக்கு முன்னால் புகை வெப்பத்தை அளக்கும் மானி ஒன்றும் பொருத்தினேன். அலுமினியம் உருகுவது 660 பாகையில். பிஸ்டன் செய்யப்பட்டிருப்பது அலுமினியக் கலவையால். மசகு எண்ணெயாலும் காற்றாலும் குளிர்வதால் பிஸ்டன் அந்தச் சூட்டை அடைவதில்லை. இருந்தாலும் நீண்ட ஏற்றத்தில் மானி 700ஐத் தாண்டினால் கியரை இறக்கிக் காலை எடுத்துவிடுவேன். ஏற்றம் முடிந்து வண்டியை நிறுத்தும்போது இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைப்பதும் பழக்கமாகிவிட்டது.

புகைக்குழாயைப் பெரிதாக்குவது பற்றிக் கேட்பீர்கள். இந்த அளவு மாற்றத்துக்கு அவசியப்படவில்லை. சத்தம் மட்டும் நிச்சயம் கூடும், காலை ஆறு மணிக்கு வண்டி எடுப்பவனுக்கு அண்டை வீட்டு உறவு முக்கியம்.

சட்டம், காப்புறுதி

நான் செய்ததில் எஞ்சின் மாற்றம் கிடையாது. எஞ்சினையே மாற்றுவது, வண்டியின் கட்டமைப்பை மாற்றுவது என்றால் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதலும் பரிசோதனையும் வேண்டும். செலவு செய்யும் முன் அங்கே கேளுங்கள். கரும்புகைக்கு 1996ஆம் ஆண்டின் டீசல் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இருக்கின்றன, வரம்பு, புகையின் கருமையை அளக்கும் ஹார்ட்ரிட்ஜ் அலகில் 50. நிரலைத் திருத்தியதைக் காப்புறுதி முகவரிடம் எழுத்தில் தெரிவித்தேன். மறைத்து வைத்து, விபத்து நடந்த பிறகு இழப்பீடு மறுக்கப்பட்டால் மிச்சம் பிடித்த டீசல் எதற்கு உதவும்? உத்தரவாதம் இன்னும் உள்ள புது வண்டிக்காரர்கள் அது முடியும்வரை கணினியைத் தொடாமல் இருக்கலாம். மற்ற எல்லாவற்றையும் செய்யலாம்.

இப்போதைய நிலவரம்

நிரலைத் திருத்திய முதல் தொட்டியில் மைலேஜ் 11.2க்கு விழுந்தது. எனக்கு வயிறு கலங்கியது. பட்டறை அண்ணன் ஒன்றே கேட்டார்: “புதுப் பொம்மையை எத்தனை முறை அழுத்திப் பார்த்தீர்கள், தம்பி?” உண்மைதான், பாலத்தில் ஏறும்போதெல்லாம் அழுத்திப் பார்த்திருக்கிறேன். பாலத்தில் வரம்பு 80, விரைவுச்சாலையில் 110. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியில் ஏறும். 110இலிருந்து 90க்கு இறங்கினால் அந்த எதிர்ப்பில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். இடப்பக்கத் தடத்தில் 90இல் போகப் பழகினேன். கூடுதல் முறுக்குவிசையால் இப்போது ஐந்தாவது கியரைச் சீக்கிரமே போட முடிகிறது. முன்பு நான்கில் இழுத்துக்கொண்டு போன இடங்கள் அவை. ஆனால் 1,500 சுற்றுக்குக் கீழே விட்டு எஞ்சினை அதிரவைப்பதில்லை. அடுத்த ஐந்து தொட்டிகளின் சராசரி 12.0.

துன் சார்டோன் வளைவை மூன்றாவது கியரில், இரண்டு யூனிட்டோடும் பையனோடும், ஆக்சிலரேட்டரைப் பாதி மட்டும் அழுத்தியே ஏறுகிறேன்.

ஒரு விஷயம் இன்னும் பாக்கி. போன வாரம் அதே ஏற்றத்தில், நான்காவதில் 1,900 சுற்றில் முழுதாக அழுத்தியபோது, சுற்று முள் 300 துள்ளியது. வேக முள் நகரவில்லை. கிளட்ச் வழுக்க ஆரம்பித்துவிட்டது. 210,000 கிலோமீட்டர் ஓடிய தட்டுக்குக் கூடுதல் சுமை தாங்கவில்லை. கையால் கியர் மாற்றும் வண்டியில் நிரலைத் திருத்தப் போகிறவர்கள் இந்தச் சோதனையை முன்கூட்டியே செய்துபார்த்து, கிளட்சுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். நான் ஒதுக்கவில்லை. வண்டி சனிக்கிழமை பிறைக்குப் போகிறது. அதுவரை பாலேக் பூலாவ் வாடிக்கையாளர்களிடம் திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.